நிற்கும் வண்டியின் நோய்

ஓடித் தேய்ந்த மோட்டார் சைக்கிள்களைக் காட்டிலும் நின்று கெட்ட மோட்டார் சைக்கிள்களே நம் நாட்டில் மிகுதி என்பது என் எண்ணம். கணக்கெடுத்துச் சொல்லவில்லை; கண்ணால் கண்டு சொல்கிறேன். விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் தத்தம் வீட்டுத் தாழ்வாரத்தையும் மாட்டுக் கொட்டகையின் மூலையையும் ஒருமுறை நோக்குவாராக. சாக்குப் போர்த்திய ஏதோ ஒன்று அங்கே சுவரில் சாய்ந்து நிற்கும். சாக்கை விலக்கினால் ஒரு புல்லட்டோ, ஜாவாவோ, எஸ்டியோ, ராஜ்தூத்தோ வெளிப்படும். "ஓடுமா?" என்று கேட்டால், "ஓடும், கிளம்பிவிட்டால் ஓடும்" என்று விடை வரும்.

தமிழ் மன்றத்து மலரில் இயந்திரத்துக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சங்க இலக்கியம் பற்றியும் சமுதாயம் பற்றியும் எழுத நம்மிடையே பலர் உளர், அவர்கள் எழுதட்டும். வீட்டு மூலையில் நிற்கும் அந்த வண்டியைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அது நிற்பதற்குக் காரணமே நாம்தான். ஓட்டவேண்டிய பிள்ளைகள் படிக்க வந்துவிட்டோம். ஓட்டி வந்த தந்தைக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. இடையில் அகப்பட்டுக்கொண்டது வண்டி.

என் ஊர் முதலமடை. பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பு. கோவிந்தாபுரம் சாவடியைக் கடந்தால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், மாந்தோப்பில் இரண்டும் கலந்து பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் பஞ்சாயத்தைச் சேர்ந்த பறம்பிக்குளத்துக்கு வண்டியில் போகவேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும் என்றால் எங்கள் எல்லையின் வேடிக்கை விளங்கும். மாங்காய்க் காலத்தில் தோப்புக்கும் வீட்டுக்கும் இடையே ஓயாது ஓடிய வண்டிகள் எங்கள் ஊரில் பல. ஜூன் மாதம் மழை பிடித்தால் அவை உள்ளே போகும். முன்பெல்லாம் மழை விட்டதும் வெளியே வரும். இப்போது பல வண்டிகள் வருவதில்லை.

வராத வண்டிக்கு இரண்டு கதிகள் காத்திருக்கின்றன. ஒன்று, "கிளம்பாத வண்டி" என்ற பெயரோடு அடிமாட்டு விலைக்குப் போவது. வாங்குபவன் வீட்டுக்குக் கொண்டுபோய் அரைமணி நேரத்தில் கிளப்பிவிடுகிறான். பிறகு "பழம்பெரும் வண்டி" என்று பெயர் மாற்றிப் பன்மடங்கு விலை சொல்லுகிறான். மற்றொரு கதி, பழுது பார்ப்பதாகச் சொல்லும் கடையில் விடுவது. எங்கள் வீட்டு 350 புல்லட்டுக்கு இக்கதி நேர்ந்தது. "காயில் போயிடுச்சு, மாத்திரலாம்" என்றார் கடைக்காரர். மாற்றினார். மறுவாரம், "கார்ப்பரேட்டரே போயிடுச்சு." அதையும் மாற்றினார். அடுத்து ஒயர் முழுவதையும் மாற்றவேண்டும் என்றார். சோதித்துப் பார்த்துச் சொன்னாரா என்றால் இல்லை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதே அவருடைய சோதனை. செலவு நம்முடையது. பொள்ளாச்சிச் சாலையில் ஒரு முதிய மெக்கானிக், வண்டியைத் தொடுமுன் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் ஒலிக்கிறது: "பிளக்கைக் கழட்டிப் பாத்தீங்களா தம்பி? ஈரமா, காய்ஞ்சிருக்கா?"

நான் வாதிடுவது இதைத்தான். மாற்றுமுன் சோதிக்கவேண்டும். அந்தச் சோதனையைச் செய்யும் அறிவு, பன்னிரண்டாம் வகுப்பில் ஓம் விதியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. இருந்தும் பயன்படுத்துவதில்லை. கலைப்பிரிவு நண்பர்கள் அஞ்சவேண்டாம். தேவைப்படுவது கணிதமன்று, பொறுமை.

பெட்ரோல் எஞ்சின் கேட்பவை மூன்றே: காற்றோடு கலந்த பெட்ரோல், அதை அழுத்தும் அழுத்தம், உரிய நேரத்தில் ஒரு பொறி. நின்ற வண்டியில் அழுத்தம் பெரும்பாலும் கெடுவதில்லை. கெடுபவை பெட்ரோலும் மின்சாரமும். இவ்விரண்டில் எது என்பதைத்தான் அந்த முதியவரின் கேள்வி பிரித்துவிடுகிறது. நாலைந்து முறை கிக்கரை உதைத்தபின் பிளக்கைக் கழற்றினால், காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் பொறி பற்றவில்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்து மூழ்கடித்துவிட்டது. காசு செலவில்லாத இந்த ஒரு சோதனையிலேயே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

முதலில் பெட்ரோலைப் பார்ப்போம். பெட்ரோல் ஒரே பொருளன்று; பல நீர்மங்களின் கலவை. எளிதில் ஆவியாகும் பகுதியே குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவுவது. வண்டி மாதக்கணக்கில் நிற்கும்போது அந்தப் பகுதிதான் முதலில் பறந்துபோகும். எஞ்சியது காற்றோடு கலந்து மெல்ல மெல்லப் பிசினாகும். கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் பழுப்பு நிறத்தில் பசைபோல் படிவது அதுதான். ஜாவா, எஸ்டி, ராஜ்தூத் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு எண்ணெயும் கலந்திருப்பதால், பெட்ரோல் பறந்தபின் எண்ணெய் மட்டும் தேங்கி நிற்கும், இன்னும் மோசம்.

அந்தப் பிசின் முதலில் அடைப்பது எதை? இருப்பதிலேயே நுண்ணிய துளையை. அதற்குப் பைலட் ஜெட் என்று பெயர். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் கொடுப்பது அது. ஆகவே, சோக்கை இழுத்தால் வண்டி கிளம்பும். சோக்கை விட்டதும் அணையும். ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்தால் ஓடும். விட்டால் மீண்டும் அணையும். இக்குறியைக் கண்டால் கார்ப்பரேட்டரையே மாற்றச் சொல்பவரிடமிருந்து வண்டியை மீட்டு வாருங்கள். ஜெட்டைக் கழற்றி, கார்ப்பரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை அளவு ஒளி தெரியவேண்டும். கம்பியை விட்டுக் குடையக்கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் அந்த ஜெட் குப்பைக்குத்தான்.

இன்னொரு நோய் உண்டு; அது என்னை மிகவும் கவர்ந்தது. வண்டி நன்றாகக் கிளம்பும். இரண்டு மூன்று மைல் போனதும் இருமி நின்றுவிடும். சிறிது நேரம் ஓரமாக நிறுத்திவைத்தால் மீண்டும் கிளம்பும். பேய் பிடித்த வண்டி என்று எங்கள் ஊரில் ஒன்றைச் சொன்னார்கள். டாங்கி மூடியில் காற்று புகுவதற்கென ஒரு சிறு துளை இருக்கிறது. குளவி மண் வைத்தோ, துரு ஏறியோ அது அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் மேற்கொண்டு இறங்காது. நின்றுபோன இடத்தில் மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்கும். அந்த ஓசைதான் பேய். பள்ளியில் கவிழ்த்த கண்ணாடிக் குழாயையும் வளிமண்டல அழுத்தத்தையும் படம் வரைந்து பாகம் குறித்தோம். டாங்கி மூடியின் மேல் நம் கண் பட்டதில்லை.

பெட்ரோல் டேப்பில் உள்ள தக்கை வளையம் காய்ந்து சுருங்கிக் கசிவதும், ஃப்ளோட் ஊசி ஒட்டிக்கொண்டு பெட்ரோல் வழிவதும் வழக்கமான சிறு தொல்லைகள். பின்னதற்கு ஸ்குரூ டிரைவரின் பிடியால் கிண்ணத்தை இலேசாகத் தட்டினாலே சில வேளைகளில் போதும். வழிந்த பெட்ரோலைத் துடைத்து, நெடி போகும்வரை பொறியின் பக்கமே போகவேண்டாம்.

இங்கே எத்தனாலைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டுப் பெட்ரோலில் 2022-ல் பத்து விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை எட்டப்பட்டது. 2025-ல் அது இருபதாயிற்று. எத்தனால் நீரை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. மழைக்காலக் காற்றின் ஈரம் உள்ளே புகுந்து அளவை மீறினால், நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும். பழைய இரும்பு டாங்கி அடியிலிருந்து துருப்பிடிக்கும். பழைய ரப்பர் குழாய்கள் ஊதிப் பிளக்கும். சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை மாற்றவேண்டி வரலாம் என்று அரசே 2025-ல் ஒப்புக்கொண்டது. எத்தனால் கலவாத பெட்ரோலும் கிடைக்கவேண்டும் என்று தொடுத்த மனுவை அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கரும்பு விவசாயிக்குப் பயன் தரும் ஒரு திட்டத்தை என் ஒரு புல்லட்டுக்காக நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வாங்கும் பெட்ரோலில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு பம்பிலும் கண்ணில் படும்படி எழுதிவைக்கக் கூடாதா? மற்றபடி, எல்லாப் பழியையும் எத்தனால்மேல் போடும் புதுப் பழக்கம் எனக்கு உடன்பாடன்று. எத்தனால் வருமுன்பே நின்ற வண்டியில் ஜெட் அடைத்துக்கொண்டுதான் இருந்தது.

இனி மின்சாரம். கடைகளில் நாம் மிகுதியும் ஏமாறுவது இதில்தான், ஏனென்றால் மின்சாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் பழைய புல்லட்டைச் செய்தவர்கள் அதைக் காட்ட ஒரு கண்ணை வைத்தே அனுப்பினார்கள். முன்விளக்கின் மேல் உள்ள அம்மீட்டரைத்தான் சொல்கிறேன். பலர் அதை அழகுக்கு வைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாவியைத் திருப்பிவிட்டு, டீகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை மெல்ல மெல்ல அழுத்துங்கள்; உதைக்கவேண்டாம். பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலுக்கு மின்சாரம் போவதால் முள் கழித்தல் பக்கம் சாயும். பாயின்ட் திறந்ததும் முள் நடுவுக்கு வரும். சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து, நிமிர்ந்து முள் ஆடினால் பாட்டரி முதல் பாயின்ட் வரை பாதை சரி. முள் அசையவே இல்லையா? பாட்டரி இறந்திருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், பாயின்ட் முகத்தில் அழுக்குப் படிந்திருக்கலாம். சாய்ந்த முள் நிமிரவே இல்லையா? பாயின்ட் திறக்கவில்லை, அல்லது மின்சாரம் வழியிலேயே எங்கோ எர்த் ஆகிறது. முள் ஒழுங்காக ஆடியும் பிளக்கில் பொறி இல்லையென்றால்தான் காயில், கண்டன்சர், பிளக் ஒயர், பிளக் ஆகியவற்றைச் சந்தேகிக்கவேண்டும். ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காமல் குற்றவாளிகளின் பட்டியல் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டதைப் பாருங்கள். எங்கள் காயிலை மாற்றியவர் இந்த முள்ளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

நின்ற வண்டியில் பாயின்ட்தான் முதல் சந்தேகம். ஓடும்போது திறந்து மூடித் தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும் அந்த இரண்டு சிறு முகங்களும், நின்றால் மெல்லிய மாசு பிடித்து மின்சாரத்தைத் தடுக்கின்றன. மெல்லிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, பிறகு ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை இடையில் விட்டு இழுத்து, தாள் அழுக்கின்றி வரும்வரை துடைத்தால் போதும். இடைவெளி புல்லட்டில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயின்ட் முகம் கருகிக் குழிந்து, திறக்கும்போது பெரும்பொறி தெரிந்தால் பக்கத்திலிருக்கும் கண்டன்சர் செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சூடேறியதும் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டிகளில் கண்டன்சரோ காயிலோ குற்றவாளியாக இருப்பது வழக்கம். டாங்கி மூடியின் பேயும் இப்படித்தான் நடிக்கும் என்பதால், முதலில் மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேளுங்கள்.

பிறகு எர்த். பழைய வண்டிகளில் 6 வோல்ட், பின்னால் வந்தவற்றில் 12. ஒரு 36 வாட் விளக்கு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான். துருப்பிடித்த ஓர் எர்த் இணைப்பில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருப்பதாகக் கொள்வோம். 6 வோல்ட் வண்டியில் அங்கே 0.6 வோல்ட் தொலைகிறது. அதாவது பத்தில் ஒரு பங்கு. 12 வோல்ட் வண்டியில் தொலைவது 0.3 வோல்ட், நாற்பதில் ஒரு பங்கு. ஒரே துரு, பழைய வண்டிக்கு நான்கு மடங்கு தண்டனை. "6 வோல்ட் வண்டிக்கு வெளிச்சமே கிடையாது" என்ற பழிச்சொல்லின் பெரும்பகுதி பாட்டரியின் எர்த் ஒயரும் ஃபிரேமும் சேரும் இடத்தில் இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகும்வரை தேய்த்து, பளபளப்பான இரும்பின்மேல் இறுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவுங்கள். விளக்கு வெளிச்சமே வித்தியாசத்தைச் சொல்லும்.

பாட்டரி வேலையின்றி நின்றாலும் தானே இறங்கும். எங்கள் ஊர் வெயிலில் இன்னும் விரைவாக. இறங்கியபடியே விட்டால் ஈயத் தகட்டில் சல்பேட் இறுகி, பிறகு சார்ஜ் ஏறாது. 12 வோல்ட் பாட்டரி ஓய்ந்திருக்கையில் 12.6 காட்டினால் நிறைவு, 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் செய்யவேண்டும். வாரம் ஒருமுறை கொட்டகையிலேயே கிளப்பி இரண்டு நிமிடம் உறுமவிட்டு அணைக்கும் தந்தையர் பலர். அன்பு பாராட்டத்தக்கது, பலன் நேர்மாறானது. அந்த இரண்டு நிமிடத்தில் பாட்டரி ஏறுவதில்லை, எஞ்சின் முழுச் சூடு அடைவதில்லை, சைலன்சருக்குள் உண்டான நீராவி வெளியேறாமல் நீராகித் தங்கித் துருவை வளர்க்கிறது.

"இவ்வளவு தொல்லை எதற்கு? பாயின்டைக் கழற்றி எறிந்துவிட்டு மின்னணுப் பற்றவைப்பை மாட்டிவிட்டால் தீர்ந்தது" என்று நண்பர்கள் கூறுவதுண்டு. நாள்தோறும் ஓட்டுபவருக்கு அது நல்லதே, மறுக்கவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை ஓடும் வண்டிக்கு என் தீர்ப்பு வேறு. எர்த்தும் பாட்டரியும் கெட்டிருக்கையில் புதுப்பெட்டியை மாட்டினால், பழைய நோய் புதுப்பெட்டிக்குள் குடிபுகும்; அவ்வளவுதான். பாட்டரி ஓரளவுக்குக் கீழே இறங்கினால் அத்தகைய பெட்டிகள் பல வேலை செய்யா. நடுவழியில் பாயின்டைக் காகிதத் துண்டால் துடைத்து வீடு சேரலாம். மூடி முத்திரையிட்ட பெட்டியை என்ன செய்வது?

எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் ஒரு முன்னோடி உண்டு. 1893-ல் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, கோவைக்கு வந்து உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் ஊர்வலம் போகவில்லை. முழுவதையும் பிரித்துப் போட்டு மீண்டும் பூட்டிக் கற்றார். பள்ளிப்படிப்பு நிரம்பாத அம்மனிதர் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டார். 1937-ல் இந்தியாவில் மின்மோட்டார் செய்த முன்னவர்களுள் ஒருவரானார். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் எழுந்த தொழிற்கல்லூரியின் முதல்வராக இருந்தபோது, நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டு போதும் என்று வாதிட்டு, அரசு இணங்காததால் விலகினார். இரண்டாண்டு போதுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் நான்காண்டு முடித்தும் அம்மீட்டர் முள் ஏன் ஆடுகிறது என்று சொல்லத் தெரியாதவர் நம்மிடையே இருப்பதில் ஐயமில்லை.

மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பேச்சுப்போட்டிக்கும் பட்டிமன்றத்துக்கும் நாள் ஒதுக்குகிறோம். ஒரு சனிக்கிழமையை ஒரு பழைய வண்டிக்கு ஒதுக்குவோம். அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கை அழைத்து, மாலையும் பொன்னாடையும் போட்டு, தமிழில் பேசச் சொல்வோம். பாயின்ட், ஜெட், எர்த் என்று அவர் வாயில் வரும் சொற்களை அப்படியே எழுதி வைத்துக்கொள்வோம். நாற்காலியில் இருந்தபடி நாம் ஆக்கும் கலைச்சொற்களைவிட அவை நீண்டநாள் வாழும். மாணவியரும் வரவேண்டும், கிக்கரை உதைப்பதில் பலத்தைவிட முறைதான் பெரிது.

அதுவரை, இவ்விடுமுறை முடிந்து திரும்புமுன் ஒன்று செய்யுங்கள். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு எஞ்சின் தானே அணையும்வரை ஓடவிட்டால் கார்ப்பரேட்டர் கிண்ணம் காலியாகும். பிசின் படிய ஒன்றும் இராது. இரண்டு மூன்று மாதம்தான் நிற்கும் என்றால் டாங்கியை விளிம்புவரை நிரப்புங்கள். ஆண்டுக் கணக்கென்றால் முழுவதும் வடித்து உள்ளே எண்ணெய் பூசுங்கள். பாட்டரி ஒயரைக் கழற்றி வையுங்கள். இவற்றையெல்லாம்விட நல்லது, சாவியை வீட்டில் யாரிடமாவது கொடுத்து, மாதம் இருமுறை எஞ்சின் நன்றாகச் சூடேறும் அளவுக்கு ஓட்டிவரச் சொல்வது. எங்கள் வீட்டில் தங்கை அதற்காகவே ஓட்டுநர் உரிமம் எடுத்திருக்கிறாள். கொல்லங்கோடு போய்வர அவளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருக்கிறது.